செவலைக்கும் மிளகுக்கும் வீட்டைத் திருத்திய கதை

"நாயை எப்படிப் பழக்கினீங்க? பூனையை எப்படிப் பழக்கினீங்க?" என்றுதான் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எங்கள் வீட்டில் நடந்ததில் பாதிக்கு மேல் வெல்டிங், தச்சு, சிமெண்ட் பூச்சு. செவலை என்ற நாயும் மிளகு என்ற பூனைக்குட்டியும் தம் பாட்டுக்கு ஒழுங்காகத்தான் இருந்தன. வீடுதான் அவற்றுக்குத் தோதாக இல்லை. செய்த வேலைகளை நினைவு இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

வீடு தென்சென்னையில், முதல் மாடி, வாடகை. ஹால், இரண்டு அறை, முன்னால் கிரில் அடித்த சிட்அவுட், கீழே இறங்க வழவழப்பான கிரானைட் படி. வீட்டுக்காரம்மா கீழேயே இருக்கிறார். அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டதால் பிறகு எந்தச் சங்கடமும் வரவில்லை.

செவலை, தெருமுனை டீக்கடையைச் சுற்றி வளர்ந்தவள். காது நுனியில் சின்ன வெட்டு இருக்கும். கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்து திரும்ப விடப்பட்ட நாய் என்பதற்கு அதுதான் அடையாளம். பைக் மோதிப் பின்னங்கால் எலும்பு முறிந்தது. கட்டுப் பிரிக்கிறவரை சிட்அவுட்டில் இருக்கட்டும் என்று தூக்கி வந்தோம். கட்டுப் பிரித்த பிறகு கொண்டுபோய் விட யாருக்கும் மனசு வரவில்லை. ஆனால் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யுமுன் அம்மாவும் நானும் உட்கார்ந்து பேசினோம். தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்று 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி உச்ச நீதிமன்ற உத்தரவிலேயே இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் மறுபடி டீக்கடையில் விட்டுவிடலாம் என்ற கணக்கெல்லாம் செல்லாது.

முதல் வேலை கதவு. தெருநாய் ஓடப் பார்ப்பது வீடு பிடிக்காமல் அல்ல. அதற்குத் தெரிந்த ஊர் வெளியே இருக்கிறது. டீக்கடை அண்ணன் குரல் காற்றில் வந்தால் போதும், செவலை காதை விறைத்து எழுந்துவிடுவாள். சிலிண்டர் போட வருகிறவர், தண்ணீர் கேன் பையன், கூரியர் என்று வாசல் திறந்து மூடிக்கொண்டே இருக்கும் வீடு எங்களுடையது. அதனால் இரண்டு கதவு ஏற்பாடு: ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். வெளிக் கதவாக சிட்அவுட் கிரில் கேட் ஏற்கனவே இருந்தது. ஹாலுக்கும் சிட்அவுட்டுக்கும் நடுவே உள்கதவாக ஒரு வலைக்கதவு அடித்தோம்.

"கொசுவலையே போட்டுடலாமே சார், சல்லிசா முடியும்" என்றார் வெல்டர். கொசுவலை நாய் ஒரு தரம் முன்காலை ஊன்றினால் கிழிந்துவிடும். அதனால் சதுரக் குழாயில் சட்டம், அதில் ஜி.ஐ. வெல்டு மெஷ், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலை. அவரிடம் மிச்சமிருந்த மெஷ் அரை அங்குலக் கண். நாய்க்கு அவ்வளவு நெருக்கம் தேவையில்லை. பின்னால் பூனைக்குட்டி வந்தபோது அது பெரிய வசதியாகப் போயிற்று. கம்பி முனைகள் வெளியே நீட்டாமல் சுற்றிலும் பட்டைக் கம்பி வைத்து அடைக்கச் சொன்னேன். முனைகள் அப்படியே இருந்தால் பாதம் கிழியும். கதவு தானே மூடிக்கொள்ள ஸ்பிரிங் கீல். தாழ்ப்பாள் மேலே, என் தோள் உயரத்தில். கீழே வைத்தால் மூக்கால் நெம்பித் தூக்கிவிடும் நாய்கள் உண்டு. செவலை அந்த ரகம் என்பது சமையலறை அலமாரியிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்தது படி. தெருவில் வளர்ந்த நாய்க்கு மாடிப்படி ஏறி இறங்கிப் பழக்கமே இருக்காது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். அதிலும் கால் முறிந்து கூடியவள், கிரானைட்டில் நகம் பிடிக்காமல் ஒரு தடவை வழுக்கியதும் மேல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தேங்காய் நார் மிதியடியைப் படியகலத்துக்கு வெட்டி, அடியில் இருபக்கமும் ஒட்டும் டேப் போட்டு ஒவ்வொரு படியிலும் ஒட்டினேன். வீட்டுக்காரம்மா, "எனக்கும் முட்டி வலி, இது நல்லாத்தான் இருக்கு" என்றார். பழக்கியது கீழிருந்து மேலாக: அவளைத் தூக்கிக் கீழே இறக்கி, கடைசி இரண்டு படியிலிருந்து தொடங்கி, படிக்கொரு துண்டு வேகவைத்த கோழி. தலையை நீட்டினால் எட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் நாய் நான்கு காலையும் ஊன்றி நிற்கும், அப்புறம் அந்தப் படியையே வெறுக்கும்.

கழுத்துப் பட்டை மட்டும் போட்டு வெளியே கூட்டிப்போவதைத் தவிர்த்தேன். பயந்த நாய் பின்னோக்கி நகர்ந்து தலையை உருவிக்கொள்ளும். மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ், பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இறுக்கம், அதோடு கழுத்துப் பட்டையிலும் இன்னொரு கயிறு. தெருவில் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. சிரித்தால் சிரிக்கட்டும்.

கழிப்பறைப் பழக்கத்தில் எங்களுக்கு வேலையே இல்லை. வளர்ந்த தெருநாய் பெரும்பாலும் படுக்கும் இடத்தை அசிங்கம் செய்யாது. அதிகாலையில் ஒரு தடவை, சாப்பிட்டபின் தலா ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை என்று நேரம் தவறாமல் மண்ணுள்ள இடத்துக்குக் கூட்டிப்போனோம், அவ்வளவுதான். சிக்கல் மழைக்காலத்தில். ஐப்பசி மழையில் தெருவெல்லாம் தண்ணீர், மண்ணைத் தவிர வேறெங்கும் போகமாட்டேன் என்று அடக்கிக்கொண்டே இருந்தாள். மொட்டை மாடியில் ஓரமாகத் தகரம் வேய்ந்திருந்த இடத்தில் பழைய பிளாஸ்டிக் தொட்டியில் அவள் வழக்கமாகப் போகும் இடத்து மண்ணையே நிரப்பி வைத்தோம். வாசனை பழகியதாக இருந்ததால் ஏற்றுக்கொண்டாள்.

பெரும்பாடு உண்ணி. கட்டுப் பிரித்த நேரத்தில் காதுமடல் உள்ளே, விரல் இடுக்கில் எல்லாம் இருந்தது. நாய் உடம்பிலிருந்து பொறுக்கினால் தீர்ந்தது என்று நினைப்பார்கள். பழுப்பு உண்ணி குஞ்சுப் பருவம், இளம் பருவம், வளர்ந்த பருவம் மூன்றிலும் நாயிடம் இரத்தம் குடித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கிவிடும். வாழ்நாளில் பெரும்பகுதி சுவர் வெடிப்பிலும் தரை இடுக்கிலும்தான். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். அதற்கு மேல்நோக்கி ஏறும் குணம் வேறு. டார்ச் அடித்துப் பார்த்தால் சிட்அவுட் சுவரில் ஜன்னல் சட்டத்துக்கும் பூச்சுக்கும் நடுவே வரிசையாக இருந்தன. சாக்குப் படுக்கையைத் தூக்கிப் போட்டு, கொதிநீரில் துவைக்கக்கூடிய பழைய போர்வைக்கு மாறினோம். சுவர் வெடிப்புகளைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, வெள்ளை சிமெண்ட்டைக் குழைத்து அடைத்தேன். ஜன்னல் சட்ட ஓரத்துக்கு சிலிக்கோன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, ஆனால் பலன் அந்த வேலையில்தான் தெரிந்தது.

உடம்பில் இருப்பதற்கு மருத்துவர் மெல்லும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கையால் எடுக்கும்போது சிமிட்டாவால் உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். விரலில் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய், கற்பூரம் தடவும் வைத்தியத்தைச் சொல்லாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. இரண்டும் நாய்க்கு விஷம். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நாய்க்கென்று விற்கும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும் வகைகள் பூனையைக் கொன்றுவிடும். இரண்டும் வளரும் வீட்டில் கடைக்காரர் தருவதை வாங்காமல் மருத்துவரிடம் "பூனையும் இருக்கு" என்று சொல்லி வாங்குங்கள்.

இரத்தப் பரிசோதனையில் எர்லிக்கியா இருந்தது, உண்ணிக் காய்ச்சல் என்பார்களே, அதேதான். இரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்திருந்தது. டாக்சிசைக்ளின் 28 நாள். மாத்திரையைத் தயிர்சாதத்தில் மறைத்துக் கொடுக்கலாம் என்றார் அம்மா. பால் பொருளில் இருக்கும் கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் வேகவைத்த ஈரலில் பொதிந்து கொடுத்தோம். முதலில் வெறும் ஈரல், அடுத்து மாத்திரை ஈரல், உடனே மூன்றாவதைக் கண்ணில் காட்டினால் நடுவிலிருப்பதை மெல்லாமல் விழுங்கிவிடுவாள்.

பழைய தடுப்பூசித் தேதி தெரியாததால் வெறிநோய் ஊசியைப் புதிதாகவே போட்டார்கள், இனி ஆண்டுக்கொரு முறை. நாங்களும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ஊசியை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொண்டோம். தெருவிலிருந்து பிராணிகளைத் தூக்குகிறவர்கள் எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள்.

இந்த வேலைகள் ஓய்ந்து வீடு ஒரு நிலைக்கு வந்த நேரத்தில்தான் பூனைக்குட்டி மிளகு வந்தது. பழைய பேப்பர் கடைச் சாக்குகளுக்கு நடுவே கத்திக்கொண்டிருந்தது. குட்டியைக் கண்டவுடன் தூக்கக் கூடாது. தாய் இரை தேடப் போயிருக்கலாம். தள்ளி நின்று பார்த்தோம், கடைக்காரரும் இரவு முழுக்கக் கவனித்துச் சொன்னார். தாய் வரவில்லை. முன்பற்கள் முளைத்துக் கொண்டிருந்ததால் மூன்று, நான்கு வாரம் இருக்கும் என்று கணக்கு.

பின்னறையை அதற்கு ஒதுக்கினோம். செவலை கண்ணில்கூடப் படாத அறை. இந்த வயதில் உணவுக்கு முன் சூடு. உடம்பு சில்லிட்டிருக்கும் குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி அட்டைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைக்க வேண்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் வேண்டுமே. பசும்பால் கொடுத்தால் கழிசல்தான்; பூனைக்குட்டிக்கான பால் பவுடர் கிடைக்கிறது. புகட்டும்போது குழந்தையை மல்லாத்துவதுபோல் மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். தாயிடம் குடிக்கும்போது இருப்பதுபோல் வயிறு கீழாகவே இருக்க வேண்டும். தினம் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து எடை பார்த்தோம். நாளுக்கு 10 கிராமாவது ஏற வேண்டும். ஏறாமல் நின்றால் அன்றே மருத்துவர். ஒரு வாரத்தில் பவுடர் பாலில் மசித்த கோழியைக் கலந்து தட்டில் வைக்க ஆரம்பித்தோம், காலை உள்ளே வைத்தபடி சாப்பிடும்.

மிளகு வந்தவுடன் வீட்டை விட்டு வெளியேறியது பினாயில். பூனை தரையில் நடந்த பாதத்தை நக்கும். பினாயில் வகையறாக்களில் இருக்கும் பொருட்களைப் பிரித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதாது. பாராசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடுவதற்கும் இதுவே காரணம். இப்போது தரைக்கு வெந்நீரும் கொஞ்சம் சோப்பும்தான். அம்மாவுக்குத்தான் வீடு துடைத்த மாதிரியே இல்லை என்று கொஞ்ச நாள் குறை.

மணல் தட்டுக்குப் பயிற்சி என்று எதுவும் கொடுக்கவில்லை. சலித்த மணலை, குட்டி ஏறி இறங்கும் உயரத்தில் ஒரு தட்டில் பரப்பி, சாப்பிட்டதும் தூக்கி அதில் விட்டால் தானே தோண்டும். கட்டிபிடிக்கும் வகை மண் சின்னக் குட்டிக்கு வேண்டாம், தின்றுவிடும். தொல்லை வேறு திசையில் வந்தது: பூனைக் கழிவு நாய்களுக்குப் பலகாரம். செவலை அந்த அறைக் கதவிடுக்கில் மூக்கை வைத்தே படுத்திருந்தாள். தட்டைப் பின் குளியலறையில் வைத்து, பி.வி.சி. கதவின் கீழ் மூலையில் ஏழு அங்குலத்துக்கு ஒரு ஓட்டை போடுவதென்று ஆசாரி அண்ணனை அழைத்தேன். "பூனைக்குக் கதவா தம்பி? எங்க வீட்ல பூனை ஜன்னல் வழியாத்தான் வரும்" என்று சிரித்துக்கொண்டே அழகாக வட்டம் வெட்டி, ஓரத்துக்கு ரப்பர் பட்டையும் வைத்துக் கொடுத்தார். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "காலி பண்ணும்போது புதுக் கதவு போட்டுக் குடுத்துடணும்." "கண்டிப்பாங்கம்மா."

அண்ணி அப்போது உண்டாகியிருந்தாள். வீட்டில் பூனை கூடவே கூடாது என்று சொந்தக்காரர்கள் போன் மேல் போன். பயத்துக்குக் காரணம் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. அது பூனைக் கழிவில் வெளிவந்தாலும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தட்டைத் தினமும் நான் சுத்தம் செய்கிறேன், அண்ணி அந்தப் பக்கமே போவதில்லை என்றதும் அவளைப் பார்க்கும் மருத்துவரே சரி என்றார். சரியாக வேகாத கறியிலிருந்தும் தோட்ட மண்ணிலிருந்தும் அது வரலாம். அதைப் பற்றி ஒருவரும் போன் பண்ணவில்லை.

இனி இரண்டையும் சேர்த்த கதை. இதில் அவசரமே கூடாது. முதலில் வாசனை மட்டும்: மிளகு படுத்த துணி செவலை சாப்பிடும் தட்டுக்கு அருகில், செவலையின் போர்வைத் துண்டு மிளகின் அறையில். பிறகு சாத்திய கதவின் இரு புறமும் சாப்பாடு. அப்புறம் ஹால் வலைக்கதவு. செவலை சிட்அவுட்டில், மிளகு ஹாலில், நடுவே மெஷ்ஷின்மேல் ஒரு பழைய வேட்டி. நாளுக்கு நாள் வேட்டியைக் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினோம்.

பாதங்கள் தெரிந்தபோது மிளகு பக்கவாட்டில் வளைந்து நின்று சீறியது, வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி ஆகிவிட்டது. நான் கவனித்தது செவலையை. வாய் மூடி, உடம்பு விறைத்து, ஒரு முன்காலைத் தூக்கியபடி கண் கொட்டாமல் பார்த்தால் அது வேட்டைப் பார்வை. உடனே வேட்டியை இறக்கிவிட வேண்டும். வாய் லேசாகத் திறந்து, தலையைத் திருப்பி, தரையை மோந்துகொண்டிருந்தால் நல்லது. பூனையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு கோழி. திரும்பவில்லை என்றால் அதட்டல் இல்லை, தூரத்தை அதிகமாக்குவேன். போகப் போக மிளகு வந்தாலே "எங்கே என் துண்டு" என்று என்னைப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்கு வேண்டியது அதுதான். பூனைமேல் பாசம் வந்ததா இல்லையா என்பது அவர்கள் பாடு.

வலை இல்லாமல் விட்டபோதும் செவலைக்கு ஹார்னஸும் கயிறும் இருந்தன. அதற்குமுன் மிளகை நன்றாக விளையாடவைத்துக் களைக்க வைப்போம். நாயின் துரத்தும் குணத்தைக் கிளப்புவது ஓட்டம்தான், தூங்கி வழியும் பூனையை நாய் பெரும்பாலும் துரத்துவதில்லை. மிளகுக்குத் தப்பிக்க மேலே இடம் வேண்டும் என்று ஆசாரி அண்ணன் சுவரில் மூன்று பலகை அடித்துத் தந்தார், ஏறும்போது வழுக்காதபடி அதிலும் மிச்சமிருந்த நார் மிதியடி. இன்றைக்கும் நாங்கள் வெளியே போனால் இரண்டும் தனித்தனி அறை.

சாப்பாட்டில் சுருக்கமாக. செவலைக்குக் குழைந்த சோறு, கோழி, ஈரல், பரங்கிக்காய், கொஞ்சம் தயிர். வெங்காயம், பூண்டு இரண்டும் இரண்டு பிராணிகளுக்கும் ஆகாது, அதனால் மிச்சக் குழம்பும் பிரியாணியும் கிடையாது. வேகவைத்த எலும்பு குத்தும் சில்லாக உடையும். சர்க்கரைப் பொங்கலில் போடும் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், தை முதல் நாள் பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லி வைத்தோம். பூனை பால்சோறு தின்று வளரும் பிராணி அல்ல. கறியிலும் மீனிலும் இருக்கும் டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். மீன்கார அக்கா தரும் மத்தியை வேகவைத்து முள்ளெடுத்துத் தருகிறோம், அதோடு கடையில் விற்கும் குட்டிகளுக்கான தீனி.

ஜன்னல்களுக்கு முதலில் புறா வலை கட்டலாம் என்றிருந்தேன். நைலான் நூலை மிளகு இரவில் உட்கார்ந்து கடிப்பதைப் பார்த்த பிறகு ஜன்னலுக்கும் அதே வெல்டு மெஷ்தான். பூனை எங்கிருந்து விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்பதை நம்பி மூன்றாம் மாடி ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள்.

தீபாவளிக்கு வெடி நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று 2018-லிருந்து இருக்கிறது. அந்த நேரத்தோடு தெரு நிற்பதில்லை என்பது வேறு விஷயம். விடிவதற்குள் செவலையை மண்ணுக்குக் கூட்டிப்போய் வந்துவிட்டோம். ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் போர்வை, ஓடும் மேசை விசிறி, ரேடியோ. ஒரு மாதம் முன்பிருந்தே வெடிச் சத்தத்தைப் போனில் மெதுவாக ஒலிக்க விட்டு, சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துப் பழக்கியிருந்தோம். நடுங்கினாள், ஆனால் சாப்பிட்டாள்.

செல்லப்பிராணி வளர்ப்பதற்கான மாநகராட்சி உரிமத்துக்கு 50 ரூபாயும் தடுப்பூசிச் சான்றும் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பும் வேண்டும். செவலைக்கு முடிந்துவிட்டது, அந்த 15 இலக்க எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மிளகுக்கு இரண்டாவது தடுப்பூசி வரும் வாரம். பெண் குட்டி, பூனை நான்கு மாதத்திலேயே சினை பிடித்துவிடும் என்பதால் கருத்தடைக்கு இப்போதே நாள் கேட்டு வைத்திருக்கிறோம். அதுவரை வலைக்கதவின் மேல் தாழ்ப்பாளை யாரும் மறக்கக் கூடாது என்று அம்மா ஒரு காகிதத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். ஸ்பிரிங் கீல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, ஞாயிறன்று வெல்டர் வருகிறேன் என்றிருக்கிறார்.